பதினெட்டாவது புழுதி

ஒரு புழுதியை ஒரு மனுஷி எத்தனை தடவைதான் கிளப்புவாள்? சினிமா கிராஃபிக்ஸில், கம்ப்யூட்டர் திரையில் நம்பர் போட்ட பெட்டிக்குப் பெட்டி ஒயர் இழுத்தால்தான் படத்தில் புழுதி பறக்கும். குமுதவல்லி பதினேழு தடவை இழுத்துவிட்டாள். இயக்குநர் வேதாசலம், “உயிரே இல்லை” என்றார். “இன்னிக்கு நானே சரிபண்றேன். அப்பவும் உயிர் வரலைன்னா நீ வேலையை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடு.”

அவள் புதிதாக ஒரு பெட்டி போட்டாள். “இது உங்களுக்குன்னே, சார். இதுல இருக்கற நம்பரை மாத்துங்க.”

அவர் மூன்றை ஏழாக்கினார். புழுதி மறுபடி ஓடியது.

“பார்த்தியா, உயிர் வந்துடுச்சு!” என்று தயாரிப்பாளரையே கூப்பிட்டுக் காட்டினார்.

தயாரிப்பாளர் திரையை நோக்கிக் குனிந்தார். “இந்தப் பெட்டியிலேர்ந்து ஒயர் எங்கேம்மா போகுது?”

“எங்கேயும் போகலை, சார். அதனாலதான் புழுதி நல்லா இருக்கு.”