பேச்சித்தாயின் சங்கிலி

செண்பகராமன் மடத்தில் சேர்ந்தபோது வீடு, வாசல், பட்டறை எல்லாவற்றையும் உதறிவிட்டுத்தான் வந்தார். உரைகல்லை மட்டும் விட மனசு வரவில்லை. முப்பது வருஷம் தங்கம் பார்த்த கை அல்லவா! வேலப்ப சாமி அந்தக் கல்லைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, தூக்கிப் போடச் சொல்லவில்லை. குருவான சாமிக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை, சீடருக்கு ஐம்பத்தெட்டு. மடத்தில் இதை வைத்துக் கேலி பேசாதவர்கள் கிடையாது.

மடத்துக்குள் ஓர் அம்மன் சன்னிதி உண்டு. அங்கே காணிக்கையாக வரும் நகைகளை உரைத்துப் பார்ப்பது செண்பகராமன் பொறுப்பு. தங்கமென்றால் அம்மன் கழுத்துக்குப் போகும். பித்தளையென்றால் உருக்கி மணி வார்க்கக் கொடுத்துவிடுவார்கள். அவர் கல்லைத் தாண்டி ஒரு பொட்டுப் பித்தளைகூட உள்ளே போனதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பேச்சித்தாயும் அவள் புருஷன் சுடலைமணியும் வந்தார்கள். இருவருக்கும் உப்பளத்தில் வேலை. நான்கு வயதுப் பெண் குழந்தையை, நன்றாக நடக்கிற பிள்ளையை, பேச்சித்தாய் இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. ஒரு கையில் மஞ்சள் துணி முடிச்சைப் பிடித்துப் பல்லால் கடித்து அவிழ்த்து, ஒரு சங்கிலியை எடுத்து நீட்டினாள்.

"போன வருஷம் புள்ளைக்கு மூளைக் காய்ச்சல் சாமி. பதினோரு நாளு கண்ணே தொறக்கல. பொழச்சா ஒரு தங்கச் சங்கிலி போடுதேன்னு அம்மங்கிட்ட நேந்துக்கிட்டேன். பொழச்சிட்டா! இப்ப என்ன பேச்சு பேசுதான்னு கேளுங்க."

குழந்தை ஒன்றும் பேசவில்லை. செண்பகராமனின் தாடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தது.

சங்கிலி கைக்கு வந்ததுமே அவருக்குச் சுருக்கென்றது. இருக்க வேண்டிய கனம் இல்லை. கல்லில் உரைத்தார். கோட்டின்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டார். கோடு பச்சையாக நுரைத்து, இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"அம்மா, இது பித்தளை."

சுடலைமணி அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். "அளத்துக்கே ஒருத்தன் கொண்டு வந்து வித்தான் சாமி. பேத்தி கல்யாணத்துக்கு அவசரம்னு அழுதான். நம்பிட்டோம்."

"சரி, வாங்கினப்புறம் ஒரு தடவையாவது கழுத்துல போட்டுப் பாத்திருக்கலாமே. உப்பும் வேர்வையும் பட்டா நாலே நாள்ல பச்சை பிடிச்சிருக்கும். அப்பவே தெரிஞ்சிருக்கும்."

பேச்சித்தாய் அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அம்மனுக்குன்னு எடுத்தத நான் எப்படி சாமி போடுவேன்?"

அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லவேளை சொன்னீங்க. இல்லேன்னா அவ முன்னாடி நின்னு தங்கம்னு பொய் சொல்லியிருப்பேன்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்ப எம் நேர்த்தி தீரலயா சாமி? புள்ளைக்கு மறுபடி ஒண்ணும் வந்துராதே?"

கேட்டுக்கொண்டே மூக்குத்தியைத் திருக ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குப் போட்டது. உப்புக் காற்றில் திருகு இறுகிப்போயிருந்தது. மூக்கு சிவந்துகொண்டே வந்தது.

"இரும்மா, சாமிகிட்ட கேட்டுட்டு வாரேன்" என்று செண்பகராமன் கிட்டத்தட்ட ஓடினார்.

வேலப்ப சாமி அடுக்களையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"தங்கம் போடுறேன்னு நேர்ந்த பொண்ணு ஏமாந்துபோய்ப் பித்தளையக் கொண்டாந்திருக்கா. நேர்த்தி தீர்ந்ததா, தீரலையா?"

சாமி கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"மூக்குத்தியக் கழட்டுறா சாமி. அது தங்கம்தான், பார்த்தாலே தெரியுது. அத வாங்கிக்கிட்டு இதத் திருப்பிக் கொடுத்துறலாமா?"

சாமி மடியில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

சன்னிதியில் பேச்சித்தாய் இன்னும் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"விடும்மா, மூக்கு புண்ணாயிரும்" என்றார் சாமி. செண்பகராமனிடமிருந்து சங்கிலியை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே போய் அம்மன் கழுத்தில் போட்டார். குங்குமத்தோடு வெளியே வந்து குழந்தையின் நெற்றியில் வைத்தார்.

"உம் பேரு என்ன தாயி?"

"முத்துமாரீ!" என்று குழந்தை கத்தியது. சன்னிதி முழுக்கக் கேட்டது.

அதுவரை அழாத பேச்சித்தாய் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உடைந்துபோனாள். பிள்ளையை இறக்கி விட்டுவிட்டுத் தரையில் விழுந்து கும்பிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சுடலைமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். குழந்தை அம்மா முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் வாங்க" என்று அனுப்பிவைத்தார் சாமி.

மூவரும் வாசலைத் தாண்டும்வரை செண்பகராமன் பார்த்துக்கொண்டே நின்றார். மூக்குத்தியோடு அவள் திரும்பிப் போனதே பெரிய நிம்மதியாக இருந்தது. எந்த அம்மனுக்கென்று இல்லாமல் ஒரு கும்பிடு போட்டார். ஆனாலும் தொழில் புத்தி சும்மா இருக்குமா? சாமிக்குப் பின்னாலேயே அடுக்களைக்குப் போனார்.

"சாமி, மனசு நிறைஞ்சிருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பித்தளை பித்தளைதானே? இங்க அடிக்கிற கடல் காத்துக்கும் விளக்குப் புகைக்கும் ஒரு வாரம் தாங்காது. கறுத்துரும். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு வந்து பார்த்தா அவ மனசு என்ன பாடுபடும்?"

சாமி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கறுக்கத்தான் செய்யும்" என்றார். "வியாழக்கிழமை தோறும் நீங்க புளி போட்டுத் துலக்குங்க."