ஆளில்லாக் கட்டிலின் மணி

டாக்டர் நல்லசிவம் கத்தி வைத்தால் வைத்த இடம் தெரியாது என்பார்கள். அவர் தன்னைவிட இளையவரான டாக்டர் எஸ்தரிடம் சில கண் நோய்களைப் பற்றிப் படிக்க வந்திருந்தார்.

எஸ்தரின் வார்டில் உலகம்மாள் இருந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர். உடம்பு தன் கண்ணையே அந்நியம் என்று நினைத்துத் தாக்கும் நோய் அவருக்கு. கண் சிவந்து புண்ணாகும்; பிறகு தழும்பு வளர்ந்து, இமையை விழியோடு ஒட்டிவிடும். இடது கண்ணின் ஒட்டலை நல்லசிவம்தான் வெட்டிப் பிரித்தார். முன்பைவிடத் தடிமனாக ஒட்டிக்கொண்டது. அந்தக் கண் போய்விட்டது.

இப்போது வலது கண்ணும் ஒட்டத் தொடங்கியிருந்தது. நாளைக் காலையே வெட்ட வேண்டும் என்று நல்லசிவம் ஒற்றைக்காலில் நின்றார். கண் இன்னும் சிவப்பாக இருக்கிறது, உடம்பின் தாக்குதல் அடங்க முதலில் மருந்து கொடுப்போம் என்றார் எஸ்தர். மருந்துக்கு மாதக்கணக்கில் ஆகுமே என்றார் நல்லசிவம்.

"ஒண்ணை உங்க கத்திக்குக் கொடுத்தாச்சு, சார்," என்றார் உலகம்மாள். "இது ஒண்ணுதான் மிச்சம். பார்த்துச் சொல்லுங்க."

நல்லசிவம் எஸ்தரிடம் திரும்பினார்.

"நான் சரியாத்தானே வெட்டினேன், மேடம். பிறகு ஏன் ஒட்டுச்சு?"

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. எஸ்தர் அதன் தலைமாட்டிலிருந்த அழைப்பு மணியை அழுத்தினார். விரலை எடுக்கவில்லை.

நர்ஸ் ஓடி வந்தார். பின்னாலேயே ஒருவர் ஆக்சிஜன் உருளையை உருட்டி வந்தார். இருவர் ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தார்கள். அது வாசலில் குறுக்காகச் சிக்கியது. ஒன்றுமில்லை, போங்கள் என்று நல்லசிவம் ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். கூடவே காவலாளியும் வந்தார். யாருக்கு என்ன ஆச்சு என்று எல்லோரும் நல்லசிவத்தைக் கேட்டார்கள். அவருக்கு வியர்த்துவிட்டது.

அப்போதுதான் எஸ்தரின் விரலைப் பார்த்தார்.

"மேடம், மணியை விடுங்க."

விட்டார். வந்தவர்கள் சிக்கிய ஸ்ட்ரெச்சரை அப்படியே விட்டுவிட்டுத் தாங்களாகவே கலைந்தார்கள். ஆளே இல்லாத கட்டிலுக்கா இவ்வளவு ஓட்டம் என்று நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டு போனார்.

நல்லசிவம் காலிக் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உலகம்மாளின் அருகில் வந்தார்.

"நாளைக்குக் கத்தி வேண்டாம்மா. எத்தனை மாசம் ஆனாலும் சரி, முதல்ல மருந்து."

உலகம்மாள் வலது கண்ணைச் சுருக்கி வாசலைப் பார்த்தார்.

"அந்த வண்டி குறுக்கே நிக்குதே, டாக்டரம்மா. அது அப்படியேதான் கிடக்குமா?"

எஸ்தர் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். நடைவழியில் காலடிச் சத்தம் எதுவும் இல்லை.

"மணி நின்னாச்சு, இப்ப எடுக்கலாம்," என்றார். "இன்னொண்ணைத் தள்ளிக்கிட்டு யாரும் ஓடி வரமாட்டாங்க."