ஆயுத பூசை இலையும் பத்து லட்சம் சோதனையும்

கனகசபை சார் பேசினால் ஏசிகூடச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆயுத பூசைக்கு ஆபீசில் இலை போட்டுப் பரிமாறிய நேரத்தில், பயிற்சிக்கு வந்திருந்த பொற்செல்வியைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக் கருவிக்கான புரோகிராம் ஒன்று தயாராகியிருந்தது. அதில் பல வேலைகள் ஒரே சமயத்தில் ஓடும். யாரும் பயன்படுத்தாத நினைவகத்தை ஒரு வேலை துடைத்துக்கொண்டே வரும்.

"பத்து லட்சம் தடவை ஓட்டியாச்சும்மா, ஒரு தப்பு வரலை. பிழையே வராதுன்னு நிரூபிச்சதா கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

"போடறேன் சார். ஒரே ஒரு தடவை நீங்க அந்தத் துடைக்கிற வேலையா இருங்க, இலைதான் நினைவகம். ஆள் இல்லாத இலையான்னு பாருங்க, அப்புறம் எடுங்க."

"இதென்ன பிரமாதம்." சார் ஓர் இலையைப் பார்த்தார். ஆள் இல்லை. குனிந்தார்.

"அப்படியே நில்லுங்க சார். கம்ப்யூட்டர் உங்களை நிறுத்திட்டு இப்ப வேற வேலையை ஓட்டுது." கருவியை வாங்க வந்திருந்த டாக்டரம்மாவை அந்த இலையில் உட்காரவைத்தாள். அவர் சாதத்தைப் பிசைந்தார்.

"உங்க முறை சார், எடுங்க. ஆள் வந்தாச்சான்னு நம்ம புரோகிராம் திரும்பப் பார்க்காது."

சாரின் கை இலை நுனியிலேயே நின்றது.

"என்ன சார், சாப்பிட விடமாட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"பத்து லட்சம் தடவையில இப்படி நடக்கலையே" என்று சார் முனகினார்.

"அத்தனை தடவையும் நடுவுல யாரும் பசியோட வரலை சார். எப்ப வந்தாலும் இலை இருக்கும்னு காட்டினாத்தான் நிரூபணம்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "பார்க்கிறதுக்கும் எடுக்கிறதுக்கும் நடுவுல யாரும் நுழைய முடியாதபடி பண்ணுங்க. இந்தப் பொண்ணு கையெழுத்துப் போடட்டும், அப்ப வாங்கிக்கறேன். இப்ப கையை எடுங்க சார், ரசம் வருது."