குளம் பொறித்த கடிகாரம்

“நான் அடிச்சது தப்பாங்கம்மா? அதை மட்டும் சொல்லுங்க.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் களத்துக்குள் வந்து நின்றார் தெய்வசிகாமணி. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி ஆறு வைத்திருப்பவர். கோபத்தில் காது மடல் வரை சிவந்திருந்தது.

வடிவம்மை துவரை அடித்துக்கொண்டிருந்தாள். சிகாமணியைவிடப் பத்து வயது இளையவள்தான். ஆனால் ஆறு வருஷமாக அவருக்குக் குரு. எல்லோரையும் நீ, வா, போதான்.

“யாரை அடிச்சே?”

“செங்கோடனை. இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட இருக்கிறவன். நாப்பது பேர் பார்க்க அறைஞ்சேன். வேலையை விட்டும் துரத்திட்டேன். இன்னிக்கு மத்தியானம் குடும்பத்தோட ஊரை விட்டே போறானாம். போகட்டும். நான் செஞ்சது நியாயம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“என்ன பண்ணினான்?”

சிகாமணி சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துப் பிரித்தார். உள்ளே கைக்கடிகாரம். வெளிநாட்டில் செய்தது. விலையைச் சொன்னால் உங்களுக்கு மயக்கம் வரும், விடுங்கள். குளத்தில் மழைத்துளி விழுந்தால் வளையம் வளையமாக விரியுமே, அதைப் பச்சை முகப்பில் மயிரிழை மயிரிழையாகச் செதுக்கியிருந்தார்கள்.

கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்திருந்தது. முள் ஓடவில்லை.

“ஆயுத பூஜையன்னிக்கு இதைக் கழட்டி மேசை மேல வெச்சிருந்தேன். லாரிக்கு, ஸ்பேனருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வெச்சவன் இதுக்கும் வெச்சுட்டான். மறுநாள் குழாய்ல பிடிச்சுக் கழுவியும் போட்டான், பாவி.”

“ஏன் வெச்சேன்னு கேட்டியா?”

“கேட்டேன். ‘ஓடுறதுக்கெல்லாம் பொட்டு வைக்கிறதுதானுங்களே முதலாளி’ன்னான். அந்தப் பதிலைக் கேட்டதும்தான் கை நீண்டிருச்சு.”

“குளத்தைப் பார்த்துச் செஞ்ச மாதிரி இருக்கு. தண்ணி ஆகாதா?”

“கேலி பண்ணாதீங்கம்மா. வயிறு எரியுது.” அவர் குரல் உயர்ந்தது. “ஐந்நூறு அடிக்குக் கீழே இருக்கிற தண்ணியையே மேலே கொண்டு வர்றவன் நான். இதுக்குள்ள போன ஒரு சொட்டை எடுக்க முடியலே.”

“சரி. இதை எப்படிப் பார்த்துக்கணும்?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி சிகாமணி ஆரம்பித்தார்.

“தினமும் ஒரே நேரத்துக்குச் சாவி கொடுக்கணும். இறுகினா நிறுத்திடணும், அதுக்கு மேல ஒரு சுத்து கூடாது. வேர்வை பட்டா அன்னன்னிக்கே மெத்துனு ஒரு துணியால ஒத்தி எடுக்கணும். ஸ்பீக்கர் பக்கம் வைக்கவே கூடாது, காந்தம் ஆகாது. பக்கத்துல இருக்கிற சாவித் திருகை அழுத்தி மூடாம தண்ணிகிட்டப் போகக் கூடாது. நாலு வருஷத்துக்கு ஒருதரம் பிரிச்சு எண்ணெய் போடணும்.”

“எல்லாம் செஞ்சியா?”

“ஒரு நாள் தவறினதில்லே. பெத்த பிள்ளையைக்கூட நான் இப்படிப் பார்த்துக்கிட்டதில்லீங்கம்மா.”

வடிவம்மைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபத்தை ஒளித்துவைக்கிற ரகம் இல்லை அவள்.

“இதைப் பெருமையா வேற சொல்றே,” என்றாள்.

துவரை அடித்த கம்பை ஓங்கினாள். அவர் தலைக்கு நேராக விசுக்கென்று இறக்கினாள்.

கம்பு உச்சந்தலைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

சிகாமணி கண்ணை இறுக மூடிக் குனிந்திருந்தார். இரண்டு கைகளும் கடிகாரத்தை நெஞ்சோடு சேர்த்துப் பொத்தியிருந்தன. தலை திறந்து கிடந்தது.

“கண்ணைத் திற. உன் கை எங்கே இருக்குன்னு பாரு.”

பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

“ஒரு அடி விழுந்திருந்தா உசுரு போயிருக்கும்,” என்று கத்தினார்.

“போயிருக்கும். இதுக்கு முன்னால எப்பவாவது இப்படித் தலைக்கு வந்திருக்கா?”

“ஒரு தடவை வந்துச்சு. ஆத்தூர்ப் பக்கம் கிணறு தோண்டப் போயிருந்தோம். லாரி மேலிருந்து இரும்புக் குழாய் சரிஞ்சு நேரா என் தலைக்கு வந்துச்சு.”

“எப்படித் தப்பிச்சே?”

சிகாமணி கடிகாரத்தைப் பொத்தியிருந்த தன் கைகளைப் பார்த்தார். வடிவம்மை கம்பைக் கீழே போட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செங்கோடன் கையைக் குறுக்கே கொடுத்தான்,” என்றார் கடைசியில். “அந்தக் கையில இப்போ மூணு விரல்தாங்கம்மா.”