துக்க வீட்டுக் கருவாட்டுக் குழம்பு

இன்சூரன்ஸ் பணத்துக்காகத் தன் காரையே கொளுத்தினார் ஆலை முதலாளி தணிகாசலம். அவரும் காரோடு எரிந்து சாம்பலாகிவிட்டாராம். பழியை டிரைவர் தலையில் போட்டு, அந்த அப்பாவியை ஜெயிலில் தள்ளியாயிற்று.

டிரைவரின் மனைவி அஞ்சலைதான் முதலாளி வீட்டில் சமையல்காரி. துக்க வீட்டில் முதலாளியம்மா, முதலாளிக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு கேட்டபோதே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

இன்சூரன்ஸ் அதிகாரி விசாரிக்க வந்தார்.

"உன் புருஷன் குடிச்சிட்டுத்தான் ஓட்டினான்னு நீயே அவர்கிட்ட சொல்லணும்," என்று அடுக்களைக்கு வந்து கிசுகிசுத்தாள் முதலாளியம்மா.

"சொல்றேன்மா. குழம்பைத் தாளிச்சிட்டு வந்துடறேன்."

அடுக்களைப் பரணுக்கு நேர் கீழே, ஒரு கை காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டுக் கருக்கினாள். வீடே இருமியது. பரணும் இருமியது.

இருமிக்கொண்டே அடுக்களை வாசலுக்கு வந்த அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

"மேல இருமுறாரே, அவரைக் கொன்னதுக்குத்தான் சார் என் புருஷன் ஜெயில்ல இருக்காரு," என்றாள் அஞ்சலை. "ஏணி கதவுக்குப் பின்னாடி இருக்கு."