இருபத்தேழு ஏறிய உயரம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று கணக்குப் பைத்தியம் பிடித்தது. ஏதாவது ஓர் எண்ணை எடுப்பார். இரட்டைப்படையானால் பாதியாக்குவார். ஒற்றைப்படையானால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுவார். வருகிற எண்ணையும் அப்படியே செய்வார். ஐந்து, பதினாறாகி, எட்டு, நான்கு, இரண்டு என்று இறங்கி ஒன்றில் நின்றது. எதை எடுத்தாலும் கடைசியில் ஒன்றுதான்!

"எல்லா எண்களும் இப்படித்தானா?" என்று கேட்டார். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அரசவை விகடன் சொக்கநம்பிமேல் நெடுநாளாகப் பொறாமையில் புழுங்கிய அமைச்சர் கருணாகரர் எழுந்தார்.

"பிரபு, நம்பியிடம் விடுங்கள். எல்லா எண்களையும் போட்டுப் பார்த்து முடிக்கும்வரை அவன் இந்த மண்டபத்துக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும். இது என் ஆணை!" என்றார் ராஜா.

நம்பி பயந்துகொண்டே சுண்ணக்கட்டியோடு தரையில் குந்தினான். சின்ன எண்களெல்லாம் சட்சட்டென்று ஒன்றில் விழுந்தன. இருபத்தேழு மட்டும் அடங்கவில்லை. எண்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நூற்றிருபத்துநான்கு... ஏறியது, சறுக்கியது, மறுபடி ஏறியது. நம்பிக்குப் பயமே மறந்துபோயிற்று.

"ஆயிரத்தைத் தாண்டிவிட்டது!" என்று கத்தினான்.

காவலர்கள் ஈட்டிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கியே விட்டார். ஒன்பதாயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு!

"இனி இது திரும்பாது, நம்பி!"

"பொறுங்கள் பிரபு, சரிகிறது... சரிகிறது... பத்து, ஐந்து, பதினாறு, எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று!"

மண்டபமே அதிர்ந்தது. கருணாகரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"வேடிக்கை போதும். எல்லா எண்களும் முடிந்தனவா?"

"எண்களுக்கு முடிவேது ஐயா? எல்லாம் ஒன்றுக்கு வருமா என்பதும் எனக்குத் தெரியாது."

"தோற்றான்! நாட்டை விட்டுத் துரத்துங்கள்!"

காவலர்கள் தயங்கித் தயங்கி நெருங்கினார்கள். நம்பி கைகூப்பினான்.

"போகத் தயார், பிரபு. ஆனால் நாட்டை விட்டுப் போக, முதலில் இந்த வாசலைத் தாண்ட வேண்டுமே! எண்கள் முடியும்வரை வெளியே கால் வைக்காதே என்பது தங்கள் ஆணை. அமைச்சர் பேச்சைக் கேட்டு அதை மீறினால் என் தலை போய்விடுமே!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நம்பிக்குப் போட்டார்.

"ஆணையை விலக்கினேன். வீட்டுக்குப் போ, நம்பி."

நம்பி நகரவில்லை. "தொண்ணூற்றேழை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேனே, பிரபு?"

ராஜா இன்னும் பலமாகச் சிரித்தார். சுண்ணக்கட்டியை வாங்கி இரண்டாக ஒடித்து, ஒரு துண்டை அவனிடம் நீட்டிவிட்டு, பட்டு வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார்.