பல்லக்கின் கீழே சிரித்த ஐயாறனார்

திருக்கொன்றைத்துறையில் சுவாமி புறப்பாடு என்றால் ஊரே அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குக் கீழே இருப்பவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது, கண் இரண்டுதானே இருக்கிறது. நாம் பார்க்கப் போவது அந்தக் கீழே இருந்தவர்களில் ஒருவரை. பல்லக்கின் முன்தண்டில் வலப்பக்கம் தோள் கொடுத்த ஐயாறனார் அவர்.

சுவாமியின் பல்லக்கைச் சுமப்பவர்களைச் சீபாதம் தாங்கிகள் என்பார்கள். அது பரம்பரை வேலை. கூலி, கோயில் சோற்றுக் கட்டி. ஐயாறனாரின் பாட்டனாரும் தகப்பனாரும் சுமந்த அதே இடத்தில் அவரும் நின்றார். அவருடைய வலது தோளில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு காய்ப்பு இருந்தது. தண்டு உட்கார்ந்து உட்கார்ந்து தோல் தடித்துத் திரண்ட காய்ப்பு. காலையில் ஆற்றில் முழுகி எழுந்ததும் திருநீற்றை முதலில் நெற்றியில் இடமாட்டார், அந்தக் காய்ப்பின்மேல்தான் இடுவார். கேட்டால், "நெற்றி என்னுடையது. இது அவர் உட்காருகிற மணை. மணையைத் துடைத்து வைத்துவிட்டுத்தானே நம் காரியத்தைப் பார்க்க வேண்டும்?" என்பார்.

வேலையிடத்தில் அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டது. தெருமுனைகளில் பல்லக்கு நிற்கும்போது, கவட்டைபோன்ற தாங்குகட்டைகளைத் தரையில் ஊன்றித் தண்டை அவற்றின்மேல் வைப்பார்கள். தீபாராதனை முடிந்ததும் மறுபடி தூக்க வேண்டும். சுமக்கிறதைவிடத் தூக்குவதுதான் பாடு. எல்லாத் தோளும் ஒரே நொடியில் எழும்ப வேண்டும். ஒரு தோள் முந்தினாலும் சுவாமி சாய்ந்துவிடுவார். அந்த நேரத்தில் ஐயாறனார் சுவாமியை நிமிர்ந்து பார்த்து ஏதாவது சொல்வார்.

"ஐயா, பிச்சையெடுத்துச் சாப்பிடுகிறவர் என்று உமக்குப் பேர். உடம்பைத் தூக்கிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே! எந்தத் தெருவில் இப்படிப் போடுகிறார்கள்? எங்களுக்கும் சொல்லும், நாங்களும் ஓடு எடுத்துக்கொண்டு வருகிறோம்."

எல்லோரும் சிரிப்பார்கள். இறுகிக் கிடந்த தோள்கள் இளகும். சிரித்து முடித்ததும் எல்லோருக்கும் மூச்சு ஒன்றாக உள்ளே போகும் பாருங்கள், அந்த மூச்சிலேயே தூக்கிவிடுவார்கள். பூ உதிராமல் பல்லக்கு எழும்பும். "ஆகா, என்ன அலுங்காமல் எழுந்தருளுகிறார்!" என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எழுந்தருளப்பண்ணியது சிரிப்பு என்று அவர்களுக்கு எங்கே தெரியும்?

ஆனால் நாக்கு என்பது எலும்பில்லாதது. ஒருநாள் அது வழுக்கியது. ஐயாறனாருக்கு நேர் பின்னால் தண்டு பிடித்தவன் மாறன். அவனுக்கு ஒரு முழங்கால் மடங்கி மடங்கி நடக்கும். "மாறனைப் பாருங்கள், இவன் கும்பிடுவதற்கு முன்னாலேயே இவன் முழங்கால் கும்பிட்டுவிடுகிறது" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், மாறன் மட்டும் சிரிக்கவில்லை. மழையில் ஒருமுறை பல்லக்கு சரிந்தபோது, அதைத் தரையில் விடாமல் முழங்காலைக் கொடுத்துத் தாங்கியவன் அவன். அப்போது போன கால் அது. ஐயாறனாருக்கு அது அப்புறம்தான் நினைவு வந்தது. அன்று நடை சாத்துவதற்குள் எல்லோர் முன்னிலையிலும் வயதில் இளைய மாறனின் காலில் விழுந்தார். அவன் பதறிப்போய், "அண்ணே, எழுந்திரிங்க, இதுக்கெல்லாமா?" என்று அவரைத் தூக்கினான்.

பிறகு கொடிமரத்தின்முன் நின்று அவர் சுவாமியிடம் சொன்னார்: "ஐயா, இனி என்னைக் கேலி செய்வேன். இல்லாவிட்டால் உம்மைக் கேலி செய்வேன். நாம் இரண்டு பேரும் தாங்குவோம். மற்றவர்கள் பாவம்." அன்று முதல் அந்தச் சொல்லிலிருந்து அவர் பிசகவில்லை.

ஐயாறனாருக்கும் மனைவி நாச்சியாருக்கும் ஒரே மகள், குழலி. வெளியே போனால் நடக்கமாட்டாள். அப்பா தோளில் ஏறி, அந்தக் காய்ப்பின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போவாள். அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் வந்தார், திருநீறு போட்டார்கள், நேர்ந்துகொண்டார்கள். பிழைக்கவில்லை. ஐயாறனார் அழவில்லை. அழ வராமல் போய்விட்டது என்று சொல்வதே சரி.

தீட்டுக் கழிந்த அன்றே அவர் தண்டுக்கு வந்துவிட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சந்நிதித் தெருவில் பல்லக்கு நின்றது. தூக்க வேண்டிய நேரம் வந்தது. அவர் வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, என் குழலியை உம்மிடம் அனுப்பியிருக்கிறேன். அவள் தோளில் போட்டால்தான் தூங்குவாள். உமக்கோ தூக்கப்பட்டே பழக்கம், தூக்கிப் பழக்கமில்லை. எப்படித்தான் சமாளிக்கப் போகிறீரோ!"

முதலில் மாறன் சிரித்துவிட்டான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் அப்படியே அழுதுகொண்டு சிரித்தார்கள். மூச்சு ஒன்றாக வந்தது. தூக்கினார்கள்.

அந்தச் சிரிப்பு பின்னால் வந்துகொண்டிருந்த அம்பலவாணர் காதில் விழுந்தது. கோயில் நிர்வாகம் பார்க்கும் ஸ்ரீகாரியமாக அவர் அப்போதுதான் வந்திருந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்லக்கூடாது. கை சுத்தம், வாய் சுத்தம், விளக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் குறைய விடமாட்டார். சிரிப்புத்தான் ஆகாது. சுவாமி முன்னால் பல் தெரிந்தால் அபசாரம் என்பது அவருடைய எண்ணம்.

"பெற்ற பிள்ளையைக் கொடுத்த ஈரம் காயவில்லை. அதற்குள் சுவாமியிடம் நையாண்டியா? இனிப் பல்லக்கின் கீழே பேச்சும் கூடாது, சிரிப்பும் கூடாது. ஐயாறன் தண்டைத் தொடக்கூடாது. கோயில் மாடுகளுக்குப் பின்னால் சாணி எடுக்கட்டும்" என்று உத்தரவு போட்டார்.

ஐயாறனார் கைகட்டி நின்று ஒன்றே ஒன்று கேட்டார். "ஐயா, வாயைத் தைத்துக்கொண்டு சுமக்கிறேன். தண்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்."

"முடியாது" என்றுவிட்டார் அம்பலவாணர்.

அப்படியாகச் சுவாமியைச் சுமந்தவர் சாணிக்கூடையைச் சுமந்தார். ஊர் சும்மா இருக்குமா? "என்ன ஐயாறனாரே, சிவிகையிலிருந்து கூடைக்கு வந்தாயிற்றா?" என்று ஒரு வெற்றிலைக் கடைக்காரர் வம்புக்கு இழுத்தார். "ஆமாம் ஐயா. இதைச் சுட்டால்தானே திருநீறு? நாளைக்கு நம் எல்லார் நெற்றியிலும் ஏறப்போகிறது. அதனால் இதையும் அலுங்காமல் கொண்டுபோகிறேன்" என்றார் அவர்.

பகலெல்லாம் இப்படிச் சிரித்தாலும் புறப்பாட்டு நேரம் வந்தால் அவர் கண் முன்தண்டைத் தேடும். பல்லக்குக்கு வெகு பின்னால், மாடுகளுக்கும் பின்னால் வருவார். அங்கிருந்து சுவாமியின் முதுகுகூடத் தெரியாது.

அவர் நின்ற இடத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. முன்தண்டில் வலப்பக்கம் காலியாகவே போனது. அப்படியானால் பின்னால் நிற்கும் மாறனுக்குச் சுமை இரட்டிப்பாக வேண்டும், அதுதானே நியாயம்? ஆகவில்லை. "முன்னால் ஆளே இல்லை. ஆனாலும் தண்டு பஞ்சாட்டம் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியலே" என்று மாறன் மற்றவர்களிடம் சொன்னான். அது அம்பலவாணர் காதுக்குப் போனது.

"புரிவதற்கு என்ன இருக்கிறது? அவன் என்றைக்குமே சுமந்ததில்லை. தண்டைத் தொட்டுக்கொண்டு வாயடித்திருக்கிறான், அவ்வளவுதான். அவன் போனதும் எடை கூடவில்லை, வாய்க்கு ஏது எடை?" என்றார் அவர்.

சாணிக்கூடைக்கு நோகாதவருக்கு இந்தச் சொல் நொந்தது. பாட்டன் காலத்துப் புண்ணியம், தன் ஆயுள் முழுவதும் செய்த தொண்டு, எல்லாம் பொய்யா? வீட்டுக்கு வந்து தோளைத் தடவிப் பார்த்தார். சுமக்காத தோளில் காய்ப்பு நிற்குமா? மாதத்துக்கு மாதம் கரைந்து, தொட்டால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. "நாச்சி, இது நிஜக் காய்ப்புத்தானா? நான் சுமந்தேனா, சும்மா இருந்தேனா?" என்று கேட்டார்.

"தினமும் எண்ணெய் போட்டுத் தேய்த்தவள் நான். பொய்க் காய்ப்புக்கா என் எண்ணெயையெல்லாம் தொலைத்தேன்?" என்றார் நாச்சியார். ஐயாறனார் சிரித்தார். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. கடைசித் தடயமும் அழிந்துவிட்டால் சுவாமிக்குத் தன்னை அடையாளம் தெரியுமா என்றுதான் அவருக்குக் கவலை.

மாசி மகம் வந்தது. அன்று சுவாமி, அம்மையும் மடியில் குழந்தை முருகனுமாக, ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தமாடுவார். மாசியில் ஆறு ஒடுங்கி நடுவில் ஓடும், கரையிலிருந்து தண்ணீர்வரை மணல். தண்ணீரைத் தொடுமுன் சுவாமியை மணலில் இறக்கக்கூடாது என்பது விதி. பாதி மணலில் பல்லக்கு நின்றது. தாங்குகட்டைகளை ஊன்றினார்கள். அவை மணலில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கின.

"தூக்குங்கள்!" என்றார் அம்பலவாணர். தூக்கினார்கள். பல்லக்கு அசையவில்லை. மறுபடி சொன்னார். ஒரு தோள் முந்தியது, ஒரு தோள் பிந்தியது. தண்டு முனகியது. மாறன் "ஐயோ, மலையாட்டம் கனக்குதே! நேத்துவரைக்கும் இப்படி இல்லியே!" என்று அலறினான். மூன்றாம் முறையும் ஆகவில்லை. கட்டைகள் இறங்கிக்கொண்டே இருந்தன. இன்னும் கொஞ்சம் போனால் சுவாமி மணலில் கவிழ்ந்துவிடுவார்.

சீபாதம் தாங்கிகளுக்குள் ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. மூன்று முறை சொல்லியும் எழும்பாவிட்டால், தூக்கச் சொன்னவர் தோள் கொடுக்க வேண்டும். அம்பலவாணர் அதை மறுக்கவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காலியாக இருந்த இடத்தில், முன்தண்டின் வலப்பக்கத்தில், புகுந்தார். தண்டு அவர் தோளில் உட்கார்ந்தது. கண் பிதுங்கியது, முகம் கோணியது, கால் மணலில் புதைந்தது. கரையில் நின்ற கூட்டத்தில் களுக்கென்று சிரிப்புக் கிளம்பியது.

"ஐயாறண்ணே! ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே!" என்று எவனோ கத்தினான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐயாறனார் கூடையுடன் நின்றுகொண்டிருந்தார். வாய்க்கு எடை ஏது என்று கேட்டவர் இதோ எடையின் கீழே நெளிகிறார். ஒரு வார்த்தை போதும், ஆற்றங்கரையே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஜன்மத்துக்கும் அம்பலவாணர் அந்த ஊரில் தலை நிமிர முடியாது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அப்போது அவர் கண் மாறனின் முழங்காலில் பட்டது. வந்ததை அப்படியே விழுங்கினார்.

கூடையை வைத்தார். ஓடிப்போய் ஆற்றில் கை கழுவினார். பல்லக்கின் முன்னால் வந்து நின்று சுவாமியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, இது என்ன நியாயம்? பக்கத்தில் ஒரு அம்மாள், தலையில் ஒரு அம்மாள், மடியில் பிள்ளை, கழுத்தில் பாம்பு! குடும்பத்தோடு ஏறிக்கொண்டு தூக்கு தூக்கு என்றால் யாரால் ஆகும்? பக்கத்து அம்மாளை இறக்கச் சொல்லமாட்டேன், உம்மில் பாதியாயிற்றே. தலையிலே இருக்கிற கங்கையம்மாளையாவது கொஞ்சம் இறங்கி நடந்துவரச் சொல்லுமே! இதோ ஆறு. அவருக்கா வழி தெரியாது?"

முதலில் சிரித்தது யார் தெரியுமோ? அம்பலவாணர்! எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மூக்கு வழியாகப் பீறிட்டு வந்துவிட்டது. அடுத்து மாறன், அடுத்து எல்லோரும். சிரிப்பு ஓய்ந்தது. மூச்சு ஒன்றாக உள்ளே போனது. பல்லக்கு பூப்போல எழும்பியது.

தண்ணீர் ஓரத்தில் திருமஞ்சனத்துக்காகச் சிவாசாரியார் சுவாமியின் மாலைகளையும் பட்டையும் களைந்தார். களைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, "ஸ்ரீகாரியம், இங்கே வாரும்" என்று கூப்பிட்டார்.

செப்புத் திருமேனியின் வலது தோளில், கொட்டைப்பாக்கு அளவுக்கு, ஒரு காய்ப்பு திரண்டிருந்தது. "எத்தனையோ வருஷமாக நீராட்டுகிறேன். போன மகத்தில்கூட இது இல்லை" என்றார் சிவாசாரியார்.

அம்பலவாணரின் தோள் அந்த ஒரு சுமைக்கே தோலுரிந்து எரிந்துகொண்டிருந்தது. அவர் சுவாமியின் தோளைப் பார்த்தார். முன்தண்டின் காலி இடத்தை நினைத்தார். அங்கே இத்தனை நாளும் பதில் ஆளாக நின்றது யார், இன்று தோளை விலக்கிக்கொண்டது யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. "சுமக்கவில்லை என்று சொன்னேனே, பாவி! உமக்காக அவரே சுமந்திருக்கிறார் ஐயா!" என்று ஐயாறனாரின் கையைப் பிடித்து இழுத்துவந்தார்.

ஐயாறனார் அந்தக் காய்ப்பைப் பார்த்தார். தம் தோளைத் தடவினார். அங்கே ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது. குழலி கன்னத்தை வைத்துத் தூங்கும் இடம் அது.

"தூக்கப் பழகிக்கொண்டீரா ஐயா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, குழந்தை போன நாளிலிருந்து வராத அழுகையெல்லாம் வர, மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

திரும்பும்போது முன்தண்டின் வலப்பக்கம் அவருடையதாக இருந்தது. கரையேறும் இடத்தில் பல்லக்கு நின்றது. தூக்க வேண்டும். ஐயாறனாருக்கு அழுகை இன்னும் ஓயவில்லை. அம்பலவாணரே, "யாராவது ஏதாவது சொல்லுங்களேன்!" என்றார்.

மாறன் சுவாமியை நிமிர்ந்து பார்த்தான். "ஐயா, அண்ணனுக்குத் தோள் குடுத்தீரு, சந்தோஷம். அப்படியே எனக்கும் ஒரு முழங்கால் குடுத்தா ஆகாதா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள், ஐயாறனார் அழுதுகொண்டே சிரித்தார். அந்த மூச்சில் சுவாமி எழுந்தருளினார். பாரத்தின் கீழே நின்று பிறரை இளகச் செய்தவர், பழிதீர்க்க வாய்ப்பு வந்தபோதும் பிறரைச் சுடாதவர், அந்த ஐயாறனாரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும். அது ஒன்றும் கனக்காது.